கடல் நடுவே ஒரு பிளக் பாயிண்ட்

இரண்டு துளைகள், ஒரு டஜன் கருவிகள். உல்லாசக் கப்பலின் அறைகளில் தினமும் இரவு நடக்கும் மின்சாரப் பங்கீட்டுக்குப் பின்னால் தீயின் பயம் இருக்கிறது.

மும்பை கோட்டைப் பகுதியின் பழைய கல் கட்டடங்களைத் தாண்டி பல்லார்ட் பியருக்கு வருகிறவர்களின் கண்ணில் கடலுக்கு முன்பாக ஒரு வெள்ளைச் சுவர்தான் படுகிறது. பதினோரு அடுக்கு. 211 மீட்டர் நீளம். வரிசை வரிசையாக ஜன்னல்கள். அண்ணாந்து பார்க்கும் குழந்தைகள்தான் அது கப்பல் என்று முதலில் கண்டுபிடித்துக் கத்துகிறார்கள். பெரியவர்களுக்குப் பெட்டிகளை எண்ணுவதிலேயே பொழுது போய்விடுகிறது.

கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 2021 செப்டம்பரில் இந்தத் துறையிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று மேற்குக் கரையில் வளைய வந்தது. மறு ஆண்டு ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டது. இந்தியக் குடும்பங்களுக்கு இது புதுக் கப்பல். கப்பலுக்கு இது நான்காவது வாழ்க்கையோ ஐந்தாவதோ. பிரான்சின் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கடலில் இறங்கியது. பிறகு எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் ஆனது. நடுவில் ஸ்பானிய நிறுவனம் ஒன்றிடம் வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தது. கடைசியில் இந்தியாவுக்கு.

பிறந்த ஆண்டை வாசகர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். 1990-ல் கப்பலேறிய ஒருவரின் கைப்பையில் என்ன இருந்திருக்கும்? ஃபிலிம் சுருள் போட்ட கேமரா. அதற்கு பேட்டரி செல். ஒரு வாக்மேன். அதற்கும் செல்தான். ஆண்களிடம் மின்சார ஷேவர், பெண்களிடம் தலைமுடி உலர்த்தும் டிரையர். ஒரே நேரத்தில் இரண்டையும் சொருக வேண்டிய அவசியம் யாருக்கும் வந்திருக்காது. அந்தத் தலைமுறைக் கப்பல்களின் அறைகளைத் திட்டமிட்டவர்கள் கண்ணாடி மேஜைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு துளைகள் வைத்தார்கள். வேலை முடிந்தது.

அறையோ அளந்து செய்த தீப்பெட்டி. சன்னலில்லாத உள்ளறை என்றால் விளக்கை அணைத்ததும் பகலா இரவா என்று தெரியாத இருட்டு. சுவரைத் தட்டினால் தகரம் போல ஒலிக்கும். இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் அழகாக ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்த பயணிகள் கொக்கிகளோடு வந்து தொப்பியையும் ஈரத் துணியையும் மாட்டிவிடுகிறார்கள். எங்கோ கீழே இன்ஜின் உறுமுவது காதில் கேட்பதைவிடக் கட்டில் வழியாக முதுகில் தெரிகிறது. கடலில் படுத்துத் தூங்குவதன் சுகமே அந்த மெல்லிய அதிர்வுதான். முதல் நாள் இரவு பயமாக இருந்தவர்களுக்கு, ஊர் திரும்பிய பிறகு அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

இந்தத் தீப்பெட்டிக்குள் இன்று நுழையும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் கணக்கு வேறு. செல்போன் நான்கு. கைக்கடிகாரம் இரண்டு, அதற்கும் இப்போது தினமும் தீனி போட வேண்டியிருக்கிறது. காதில் மாட்டும் கருவிகள் மூன்று டப்பா. அப்பாவின் லேப்டாப், ‘விடுமுறைதான், சும்மா எடுத்து வந்தேன்’ என்ற முன்னுரையோடு. சின்னவனின் டேப்லட். கேமரா. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பவர் பேங்க். ஆக, ஒரு டஜனுக்கு மேல். பாட்டி கூட வந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப் கருவியும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு துளைகளில் ஒன்று அமெரிக்க மாதிரி, தட்டை முள்ளுக்கானது, 110 வோல்ட். மற்றது ஐரோப்பிய மாதிரி, உருண்டை முள், 220 வோல்ட். அமெரிக்கர்களையும் ஐரோப்பியர்களையும் ஏற்றிச் செல்லப் பிறந்த கப்பல்களில் இதுதான் வழக்கம். இந்தியச் செல்போன் சார்ஜரின் இரு மெல்லிய முட்கள் ஐரோப்பியத் துளையில் சமர்த்தாக உட்காரும். லேப்டாப்பின் மூன்று முள் பிளக் உட்காராது. எர்த் முள் இடிக்கும். வீட்டில் செய்வது போல ரீஃபில் குச்சியை வைத்து நெம்பி நுழைக்கிற வித்தையெல்லாம் அந்தக் குழிந்த வட்டத்துக்குள் பலிக்காது; பலித்தாலும் ஆபத்து. பன்னாட்டு அடாப்டர் ஒன்று வேண்டும். அது முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்டேஜை மாற்றாது என்பதைச் சிலர் கருகிய வாசனை வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் எந்தத் துளைக்கும் பொருந்தும். செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். ‘230 வோல்ட்’ என்று மட்டும் போட்டிருக்கும் டிரையரும் முடி நேராக்கும் கருவியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த 60 ஹெர்ட்ஸ் கப்பல்களின் சொத்து. இந்தியாவின் கரையில் 50, கடலில் பெரும்பாலும் 60. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் பழைய மேஜைக் கடிகாரம் ஒன்றை யாராவது கொண்டுபோய்ச் சொருகினால், மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும். கப்பலை விட்டு இறங்க மனமில்லாதவர்களுக்கு அது வேண்டாத கடிகாரம்.

ஒரு டஜன் கருவிக்கும் இரண்டு துளைக்கும் இடையே இந்தியக் குடும்பம் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வு எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வார்டு, ரயில்வே ஓய்வறை என எங்கே போனாலும் பெட்டியின் அடியில் அது சுருண்டு கிடக்கும். அதிலும் கொஞ்சம் காசு கூடப் போட்டு வாங்கியது, சிவப்பு விளக்கும் சுவிட்சும் வைத்த ‘ஸ்பைக் பஸ்டர்’. மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் காப்பாற்றுவது. பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் பார்த்துப் பார்த்து வாங்கியது அதுதான்.

கப்பலேறும் இடத்தில் பெட்டிகளை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரத்தில் அதுதான் மாட்டிக்கொள்கிறது. உலகம் முழுவதும் உல்லாசக் கப்பல் முனையங்களில் தினசரி நடக்கும் காட்சி. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், சின்ன இன்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றைப் பறித்துக்கொண்டால் பயணிகள் முணுமுணுத்தாலும் புரிந்துகொள்கிறார்கள். சூடாகிற சாமான், தீப்பிடிக்கும். ஆனால் பாதுகாப்புக்கென்றே விற்கப்படும் ஒரு பெட்டியை ஏன் பறிக்க வேண்டும்? கப்பல்காரர்கள் சார்ஜ் போடுவதற்கும் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. உல்லாசக் கப்பலில் எதற்கெல்லாம் காசு என்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சந்தேகப்பட்டால் தவறு சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் மட்டும் கப்பல்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வீட்டுச் சுவருக்குள் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று ஃபேஸ். இன்னொன்று நியூட்ரல்; அதைத் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு கட்டிவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் டெஸ்டரை விட்டால் ஒரு துளையில் சின்ன விளக்கு எரியும், மற்றதில் எரியாது. ஆபத்து ஒரு பக்கம்தான் என்பதால் சுவிட்சையும் ஃப்யூஸையும் அந்தப் பக்கம் மட்டும் வைத்தால் போதும். வீடு முழுக்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும், இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

கடலில் பூமி கிடையாது. கப்பலின் இரும்பு உடல்தான் அந்த இடத்தில். பல கப்பல்களில் இரண்டு கம்பிகளில் எதையுமே அந்த உடலோடு கட்டுவதில்லை. இரண்டும் கப்பலைப் போலவே மிதக்கின்றன. உடலை வைத்து அளந்தால் இரண்டிலுமே அழுத்தம் உண்டு; டெஸ்டரை விட்டால் இரண்டு துளையிலும் மினுக்கக்கூடும். யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இப்படிச் செய்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஃபேஸ் கம்பி எங்காவது பூமியைத் தொட்டால் ஃப்யூஸ் போகும், இருட்டாகும், மெழுகுவர்த்தி தேடுவார்கள். நடுக்கடலில் சுக்கானைத் திருப்பும் மோட்டாரின் ஃப்யூஸ் அப்படிப் போனால் மெழுகுவர்த்தி தேடிப் பயனில்லை. எனவே ஒரு கம்பி ஓரிடத்தில் உடலைத் தொட்டாலும் மின்சாரம் நிற்காதபடி அமைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை விளக்கு எரியும். பொறியாளர்கள் கோளாறு எங்கே என்று ஒவ்வொரு கிளையாகத் தேடிப் போவார்கள். அதுவரை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பயணிகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஸ்பைக் பஸ்டரின் வயிற்றுக்குள் நாணயம் போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. வேரிஸ்டர் என்று பெயர். அழுத்தம் எல்லை மீறும்போது வழி திறந்து, உபரியை எர்த்துக்குள் கொட்டிவிடும். கண் இமைக்கும் நேர வேலை. கப்பலில் எங்கோ ஒரு கம்பி உடலைத் தொட்டிருக்கும் நேரத்தில், மற்றக் கம்பிக்கும் உடலுக்கும் இடையே முழு அழுத்தமும் வந்து நிற்கிறது. வில்லைக்கு இது கண் இமைக்கும் நேரச் சோதனையாக இருக்காது. கோளாறு கண்டுபிடிக்கப்படும் வரை, மணிக்கணக்கில் நீடிக்கலாம். தாங்குவதும் தாங்காததும் அதன் தரத்தைப் பொறுத்தது. தாங்காவிட்டால் சூடேறும், பிளாஸ்டிக் உருகும், கம்பளத்தில் பற்றும். போதாக்குறைக்குப் பெட்டியின் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. சிவப்பு விளக்கு அணைந்திருக்கும், பார்க்கிறவர் நிம்மதியாகத் தூங்கப் போவார், இன்னொரு கம்பியில் உயிர் இருந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-ல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. கரையில் பயன்படுத்தச் செய்த இந்தச் சாதனங்களைக் கப்பலில் சொருகினால் தீ வரும் என்பதைத் தலைப்பிலேயே சொன்ன எச்சரிக்கை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமாகப் பட்டியலை இறுக்கின. ராயல் கரீபியன் 2024 செப்டம்பரில் ஸ்பைக் வில்லை இல்லாத சாதாரணப் பல்துளைப் பெட்டிகளையும் சேர்த்துத் தடை செய்தது. கார்னிவல் அப்படிப்பட்ட சாதாரணப் பெட்டிகளை அனுமதித்து, ஆபத்து என்று தோன்றினால் எடுத்துக்கொள்வோம் என்றது. விதிகள் கப்பலுக்குக் கப்பல் மாறும்; இருந்திருந்து மாற்றவும் செய்வார்கள். டிக்கெட்டோடு வரும் தடைப் பட்டியலை விமானத்தில் பாதுகாப்புச் செய்முறையைப் பார்ப்பது போல ஒப்புக்குப் பார்க்கக் கூடாது.

தீ என்றால் கரையில் வாசலைப் பார்த்து ஓடலாம். கப்பலில் ஓடிப்போக இடம் கிடையாது. 2006 மார்ச் மாதம் ஜமைக்காவை நோக்கிப் போன ஸ்டார் பிரின்ஸஸ் கப்பலில், யாரோ வீசிய சிகரெட் துண்டிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று கருதப்படும் தீ, ஒரு பால்கனியில் பற்றி, விடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைப் பாழாக்கியது. புகையில் ஒருவர் இறந்தார். 2021 டிசம்பரில் லட்சத்தீவுக் கடலில் எம்.வி. கவரத்தி பயணிகள் கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்தது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் மின்சாரம் போன கப்பல் கடலில் ஒரு பெரிய இரும்புப் பெட்டிதான்.

சார்ஜ் போடும் விவகாரத்தோடு நேரடியாகப் பேசப்படும் விபத்து இன்னொன்று. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே 2019 செப்டம்பர் 2-ம் தேதி அதிகாலை மூன்று மணி வாக்கில், நங்கூரமிட்டு நின்ற கன்செப்ஷன் என்ற படகு எரிந்தது. உல்லாசக் கப்பல் அளவு பெரியதல்ல. கடலடியில் நீந்திப் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் 75 அடிப் படகு. பகலெல்லாம் நீந்திக் களைத்தவர்கள் கீழ்த் தளத்தில் அடுக்குக் கட்டில்களில் தூங்கினார்கள். அவர்களது போன்கள், கேமராக்கள், நீரடி விளக்குகள் மேலே பொதுக்கூடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. கீழிருந்து வெளியேற இரண்டு வழிகள். இரண்டுமே அந்தக் கூடத்துக்குத்தான் போயின. கூடத்தில்தான் தீ. கீழே இருந்த 34 பேரும் இறந்தார்கள். 33 பயணிகள், ஓர் ஊழியர். மேல் தளத்தில் இருந்த தலைவரும் நான்கு ஊழியர்களும் தப்பினார்கள்.

தீ எதில் தொடங்கியது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் அறுதியிட முடியவில்லை. படகு எரிந்து மூழ்கிவிட்டது. படகின் மின் இணைப்புகள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சார்ஜ் ஏறிய பேட்டரிகள், சரியாக அணைக்காத சிகரெட் என்று சாத்தியங்களை 2020 அறிக்கை வரிசைப்படுத்தியது. சார்ஜர்தான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் அது உண்மைக்கு மேல் பேசுவதாகும். வாரியம் குற்றம் சொன்னது வேறொன்றை: இரவில் சுற்றிவந்து கண்காணிக்க ஒருவர்கூட விழித்திருக்கவில்லை. படகின் தலைவருக்கு 2024-ல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விபத்து நடந்த சில நாட்களிலேயே, அறிக்கைக்குக் காத்திராமல், லித்தியம் பேட்டரிகளை ஆளில்லாமல் சார்ஜ் போடுவதையும் எக்ஸ்டென்ஷன் கம்பிகளை அளவு மீறிப் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்தும்படி கடலோரக் காவல் படை பயணிகள் படகு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

கப்பலுக்கும் மின்சாரத்துக்கும் இடையே உள்ள இந்த நடுக்கம் புதியதல்ல. 1880-ல் அமெரிக்காவின் கொலம்பியா என்ற நீராவிக் கப்பலில் எடிசன் தன் பல்புகளைப் பொருத்தினார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அவை போய் எரிந்த முதல் இடங்களில் அது ஒன்று. கட்டிய தளத்தின் அதிபர் தீப்பிடிக்குமென்று பயந்ததால், கப்பலை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் எடிசனின் ஆட்களே வேலையை முடித்தார்கள். பயணியின் அறையில் பல்பு இருந்தது, சுவிட்ச் இல்லை. அறைக்கு வெளியே பூட்டிய மரப்பெட்டிக்குள் இருந்தது. விளக்கு வேண்டுமானால் பணியாளைக் கூப்பிட வேண்டும், அவர் சாவியோடு வந்து திறந்து போடுவார். இன்றைய பயணிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பறிகொடுத்ததே பெரும் அவமானம்.

இத்தனைக்கும், ஒரு டஜன் கருவிகளின் மொத்தப் பசி அதிகமில்லை. வேகமாகச் சார்ஜ் ஏறும் போனுக்கு 20, 25 வாட். லேப்டாப்புக்கு 65. கடிகாரம், காதுக் கருவி எல்லாம் ஒற்றை இலக்கம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால்கூட 200 வாட்டைச் சுற்றித்தான் வரும். ஒரு டிரையர் இதைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். எனவே, தேவை கூடுதல் மின்சாரமல்ல, கூடுதல் வாய்கள்தான். அதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டியதில்லை.

ஒரே துளையில் உட்கார்ந்து நான்கு வயர்களுக்கு மின்சாரம் தரும் யு.எஸ்.பி. சார்ஜர் இப்போது உள்ளங்கை அளவில் கிடைக்கிறது. 65 வாட்டோ 100 வாட்டோ தருகிற, லேப்டாப்புக்கும் ஒரு சி வகைத் துளை உள்ள சார்ஜர் ஒன்று, அதற்கு ஓர் அடாப்டர், நல்ல வயர்கள் நான்கு. இவை போதும். மலிவு விலைப் போலிகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. இந்தியாவில் சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், ஐ.எஸ். எண்ணும் பதிவு எண்ணும் பொருளின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். தெருவோரத்தில் கூறு கட்டி விற்பதில் அந்த எண் இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. புதிய கப்பல்களில் கட்டிலோரம் யு.எஸ்.பி. துளை வைத்திருக்கிறார்கள். போனுக்குச் சரி, மெதுவாக ஏறும். லேப்டாப் அதில் பட்டினிதான்.

குளியலறைக் கண்ணாடிக்கருகே ‘ஷேவருக்கு மட்டும்’ என்று ஒரு துளை இருக்கும். எல்லோருடைய கண்ணும் முதலில் அதில்தான் போகிறது. எழுதியிருப்பது மெய்யாகவே அதைத்தான் சொல்கிறது. அதன் பின்னால் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் ஷேவரின் பசிக்கு மட்டும் செய்யப்பட்டது. ராத்திரி முழுக்க இரண்டு போனைத் தாங்கச் சொன்னால் சூடாகும். ஈரமும் சேர்ந்த இடம்.

போன் இரவெல்லாம் சார்ஜ் கேட்பதற்கு ஒரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. கரை மறைந்த பிறகும் அது டவரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கிடைக்காத டவரைத் தேடுவது போன் செய்யும் வேலைகளிலேயே களைப்பானது. மும்பை விளக்குகள் மறைந்ததும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டால் பேட்டரி நீடிக்கும். கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் டவரில் போன் தானாக ஒட்டிக்கொண்டு, மாதக் கடைசியில் மூர்ச்சை போடவைக்கும் பில் வருவதும் தவிரும்.

பவர் பேங்கைப் பகலில் துளை காலியாக இருக்கும்போது நிரப்பி வைத்தால் இரவில் இரண்டு போன்களுக்குப் பால் கொடுக்கும். 20,000 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது 74 வாட் மணி; விமான நிறுவனங்கள் தனி அனுமதி கேட்காத 100 வாட் மணி எல்லைக்குள் வருகிறது. சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ மும்பைக்குப் பறந்து வந்து கப்பலேறுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல.

எங்கே வைத்துச் சார்ஜ் போடுவது என்பது என்ன சார்ஜர் என்பதைவிட முக்கியம். கட்டில் வேண்டாம். தலையணைக்கடியில் வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி சூடாகத் தொடங்கி, அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால், சூடே சூட்டை வளர்க்கும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. மேஜையின் வெறும் பலகைதான் சரியான இடம். திரைச்சீலையும் துண்டும் எட்டியிருக்கட்டும். உப்பிய பேட்டரி, தொட்டால் சுடும் பவர் பேங்க், இனிப்பும் ரசாயனமும் கலந்த வாசனை எதைக் கண்டாலும் மறைக்காமல் வரவேற்பு மேஜைக்குச் சொல்லிவிட வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து குப்பைக்கூடையில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. புகை தெரிந்தால் எல்லோரும் வெளியே, கதவைச் சாத்து, ஊழியரைக் கூப்பிடு. அறைக் கதவு தீயைத் தடுக்கும்படி செய்யப்பட்டது; மூடியிருந்தால்தான் தடுக்கும். கோஸ்டா கன்கார்டியா விபத்துக்குப் பிறகு, 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. உயிர்க்காப்பு அங்கியோடு செல்ஃபி எடுக்கும் அந்த அரை மணி நேரத்தில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் நல்லது.

பாட்டியின் சிபேப் கருவிக்கு மட்டும் பயணத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அது மருத்துவத் தேவை. கேட்டால் பெரும்பாலான கப்பல்களில் தங்களுடைய கம்பியையே, கப்பலுக்கேற்றதாக, கொடுக்கிறார்கள். கட்டிலிலிருந்து துளை எட்டாது என்பது முதல் நாள் இரவு பத்தரை மணிக்குத்தான் எல்லோருக்கும் தெரிய வருகிறது. கருவிக்கான சுத்திகரித்த நீரையும் அப்போதே கேட்டு வைப்பது உத்தமம்.

பயணிகள் சண்டையிடும் இதே பங்கீடு கீழ்த் தளங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. ஊழியர்களின் அறைகள் இன்னும் சிறியவை. இருவரோ அதற்கு மேலோ பகிர்ந்துகொள்வது. உலகின் உல்லாசக் கப்பல்களில் சமையலறையிலும் பரிமாறுவதிலும் கோவாக்காரர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். தமிழர்களும் மலையாளிகளும் உண்டு. வேலை நேரம் முடிந்து, வீட்டோடு பேச ஒரே வழி அந்த போன்.  

லட்சத்தீவுக் கடலில் கப்பல் கரைக்குப் போக முடியாது. ஆழமில்லை. பச்சைநிற நீரில் தள்ளி நிற்க, சின்னப் படகுகள் வந்து பயணிகளை அள்ளிப்போகும். எண்ணூறு அறைகள் ஒரே நேரத்தில் காலியாகும் பகல் அது. பல கப்பல்களில் அறைச் சாவி அட்டையைக் கதவோரப் பிளவில் செருகினால்தான் விளக்கு எரியும். சிலவற்றில் துளைகளும் அதோடு சேர்ந்து செத்துவிடும். அனுபவசாலிகள் அதில் பழைய நூலக அட்டையையோ பெட்ரோல் பங்க் அட்டையையோ செருகிவிட்டுப் போகிறார்கள், திரும்பி வரும்போது எல்லாம் நூறு சதவீதம் ஏறியிருக்க வேண்டும் என்று. ஆளில்லாத அறையில், படுக்கையின் மேல், ஏழெட்டு பேட்டரிகள்.

படுக்கையைச் சரிசெய்ய வரும் பணியாளர் முதலில் அட்டையை உருவுகிறார். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி, போன்களை மேஜையின் மேல் வரிசையாக அடுக்குகிறார். துண்டில் ஒரு யானை செய்து பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறைக் கதவைத் தட்டப் போகிறார்.